வரலாற்றில் இன்று: ஒரு தேதிக்குரிய நிகழ்வுகளைத் திரட்டிச் சரிபார்த்து எழுதும் முறை

ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, அந்த நாளில் பல ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாக எழுதுவது எளிய வேலையாகத் தோன்றும். தேடினால் நொடியில் ஐம்பது வரிகள் கிடைக்கும். அவற்றுள் பத்தைப் பொறுக்கி அடுக்கினால் 'வரலாற்றில் இன்று' பகுதி முடிந்துவிடும். ஆனால் அப்படி அடுக்கியவற்றுள் ஒன்றிரண்டாவது தவறான நாளில் நின்றுகொண்டிருக்கும் என்பதைத் தொடர்ந்து இந்த வேலையைச் செய்தவர்கள் அறிவார்கள். தேதி என்பது யாரோ ஒருவர், தம் கையிலிருந்த நாட்காட்டியையும் தம் ஊர்க் கடிகாரத்தையும் கொண்டு ஒரு நிகழ்வுக்கு இட்ட பெயர். அந்தப் பெயரை நாம் எடுத்தாளும்போது, எந்த நாட்காட்டி, எந்த ஊர் நேரம், நிகழ்வின் எந்தக் கணம் ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே எழுத வேண்டும்.

முறையை விளக்க ஏப்ரல் 12-ஐ எடுத்துக்கொள்கிறேன். அந்த நாளுக்கு முதல் தேடலிலேயே கிடைப்பவற்றுள் ஏழை மட்டும் இங்கே வைத்துக்கொள்வோம்: 1204-இல் சிலுவைப் போர்ப் படையினர் கான்ஸ்டாண்டினோப்பிளின் மதிலைக் கடந்து உள்ளே நுழைந்தது, 1633-இல் ரோமில் கலிலியோவிடம் சமய விசாரணை மன்றம் முதல் விசாரணையை நடத்தியது, 1861-இல் சம்டர் கோட்டை மீது பீரங்கிகள் முழங்கி அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது, 1945-இல் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மறைந்தது, 1955-இல் சால்க்கின் போலியோ தடுப்பூசி பாதுகாப்பானது, பயன் தருவது என்று அறிவிக்கப்பட்டது, 1961-இல் யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்றது, 1981-இல் கொலம்பியா விண்ணோடம் முதன்முதலாகப் புறப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் ஒன்றை ஒதுக்கி, நிகழ்ந்த இடம், உள்ளூர் நேரம், அந்த இடத்தில் அன்று வழங்கிய நாட்காட்டி, தகவல் கிடைத்த மூலம் ஆகியவற்றை முதலிலேயே குறித்துவைத்தால், பின்னால் வரும் வேலையில் பாதி குறையும்.

நாட்காட்டியைச் சரிபார்த்தல்

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன என்பதால் இதில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். ஐரோப்பாவில் முன்பு வழங்கிய ஜூலியன் நாட்காட்டி ஓராண்டின் நீளத்தை 365¼ நாள் என்று கொண்டது. உண்மையான பருவ ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. அந்தச் சிறு மிகுதி நூற்றாண்டுகளாகச் சேர்ந்து, பகலும் இரவும் ஒரே அளவாக இருக்கும் வசந்தகாலச் சமநாள் மார்ச் 21-இலிருந்து பத்து நாள் முன்னால் நகர்ந்துவிட்டது. ஈஸ்டர் நாளைக் கணிப்பதற்குச் சமநாள் தேவைப்பட்டதால், போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-இல் நாட்காட்டியைத் திருத்தினார். அதுவே இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து ஆகிய இடங்களில் அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி ஆயிற்று. ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆவிலாவின் புனித தெரேசா மறைந்தது சரியாக அந்த இரவில். அவர் இறந்தது 4-ஆம் தேதியா 15-ஆம் தேதியா என்ற கேள்விக்கு, இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் இரவுதான் இருந்தது என்பதே விடை.

எல்லா நாடுகளும் அன்றே மாறியிருந்தால் நம் வேலை எளிதாக இருந்திருக்கும். பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் மாறியது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை காத்திருந்து, செப்டம்பர் 2-ஐ அடுத்து 14-ஆம் தேதிக்குத் தாவின. ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. கிரேக்கம் 1923 வரை பழைய கணக்கில் இருந்தது. சுவீடனில் நடந்தது இன்னும் விசித்திரம்: சிறிது சிறிதாக மாற முயன்று, இடையில் குழம்பி, பழைய கணக்குக்கே திரும்புவதற்காக 1712-இல் பிப்ரவரி 30 என்றொரு நாளைச் சேர்த்தார்கள். எனவே 1582-க்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட எந்த ஐரோப்பிய நிகழ்வானாலும், அது நடந்த நாடு எப்போது மாறியது என்று பார்க்காமல் தேதியை எழுதக்கூடாது.

மாற்றிக் கணக்கிடும் முறை கடினமானதன்று. ஜூலியன் தேதியோடு, 1582 முதல் 1700 பிப்ரவரி முடிய 10 நாளும், 1800 பிப்ரவரி முடிய 11 நாளும், 1900 பிப்ரவரி முடிய 12 நாளும், அதற்குப் பின் 13 நாளும் கூட்டினால் கிரிகோரியன் தேதி கிடைக்கும். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-இல் நினைவுகூர்வது இதனால்தான்: அன்றைய ரஷ்யத் தலைநகரான பெட்ரோகிராடில் அன்று 1917 அக்டோபர் 25.

கணக்கு கலந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் எப்போதும் என் நினைவில் இருக்கின்றன. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே நாளில் மறைந்தார்கள் என்று பலமுறை படித்திருப்பீர்கள். ஸ்பெயின் அப்போது கிரிகோரியன் கணக்கிலும் இங்கிலாந்து ஜூலியன் கணக்கிலும் இருந்தன. ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. போதாக்குறைக்கு, செர்வான்டெஸ் இறந்தது 22-ஆம் தேதி, அடக்கம் செய்யப்பட்டதே 23. அதேபோல, கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று நயமாக எழுதப்படுவதுண்டு. கலிலியோவின் மறைவை இத்தாலியின் கணக்கில் 1642 ஜனவரி 8 என்றும், நியூட்டனின் பிறப்பை இங்கிலாந்தின் கணக்கில் 1642 டிசம்பர் 25 என்றும் எடுத்தால் மட்டுமே அந்த நயம் நிற்கும். ஒரே கணக்கில் பார்த்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4.

பழைய இங்கிலாந்தைப் பற்றி எழுதுபவருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. அங்கே 1752-க்கு முன் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட நாளை அக்கால ஆவணங்கள் 1648 ஜனவரி 30 என்று குறிக்கும். நாம் அதை 1649 என்று எழுதுகிறோம். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது குடும்பத்தார் குறித்தது 1731 பிப்ரவரி 11. இன்று கொண்டாடப்படுவது 1732 பிப்ரவரி 22. நாளும் மாறியது, ஆண்டும் மாறியது.

நான் பின்பற்றும் முறை இது. 1582-க்கு முந்தைய நிகழ்வுகளை, வரலாற்றாசிரியர்களின் வழக்கப்படி, ஜூலியன் தேதியிலேயே விடுகிறேன். அதற்குப் பிந்தையவற்றைக் கிரிகோரியன் நாளில் இட்டு, பழைய தேதியே மக்களிடம் பதிந்திருந்தால் அதையும் அதே வாக்கியத்தில் சொல்கிறேன். நம் ஏப்ரல் 12 பட்டியலில் கான்ஸ்டாண்டினோப்பிள் நிகழ்வு ஜூலியன் தேதி. இன்றைய கணக்கை பின்னோக்கி நீட்டினால் அது ஏப்ரல் 19-இல் விழும். கலிலியோவின் விசாரணை ரோமில் நடந்ததால் ஏற்கெனவே கிரிகோரியன் தேதிதான். அதே நாளில் லண்டனில் ஒருவர் கடிதம் எழுதியிருந்தால் ஏப்ரல் 2 என்று தேதியிட்டிருப்பார்.

கடிகாரமும் ஊரும்

ககாரினின் வஸ்தோக் 1 விண்கலம் மாஸ்கோ நேரம் காலை 9:07-க்குப் புறப்பட்டது. அந்தக் கணத்தில் ஹவாயில் முந்தைய நாள் இரவு எட்டு மணி. ஹவாய் மக்களுக்கு மனிதன் விண்வெளிக்குப் போனது ஏப்ரல் 11. நிகழ்வு எங்கே நடந்ததோ அந்த இடத்தின் தேதியையே எழுத வேண்டும் என்ற விதி இதைத் தீர்த்துவைக்கும். பேர்ல் துறைமுகத் தாக்குதல் ஹவாயில் நடந்ததால் 1941 டிசம்பர் 7; ஜப்பானிய நூலில் டிசம்பர் 8 என்று இருந்தால் அது பிழையன்று, டோக்கியோவின் கடிகாரம்.

விதி தடுமாறும் இடங்களும் உண்டு. நிலவுக்கு உள்ளூர் நேரம் ஏது? அப்போலோ 11-இன் கலம் தரையிறங்கியது உலக நேரப்படி 1969 ஜூலை 20 இரவு 8:17. ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தது உலக நேரப்படி 21-ஆம் தேதி அதிகாலை 2:56. பயணக் கட்டுப்பாட்டு மையம் இருந்த ஹியூஸ்டனில் அப்போது இன்னும் 20-ஆம் தேதி இரவு. இந்திய நேரப்படி இரண்டுமே 21-ஆம் தேதி. இத்தகைய நிகழ்வில் எந்த நேரத்தைக் கொண்டோம் என்று வாக்கியத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி சரணடைந்ததை மேற்கு நாடுகள் மே 8 என்றும் ரஷ்யா மே 9 என்றும் கொண்டாடுவதற்கும் காரணம் கடிகாரமே: பெர்லினில் 8-ஆம் தேதியின் கடைசி மணி ஓடிக்கொண்டிருந்தபோது மாஸ்கோவில் நள்ளிரவு கடந்திருந்தது.

நள்ளிரவை ஒட்டிய நிகழ்வுகளுக்குத் தனிக் கவனம் தேவை. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11:40; மூழ்கியது 15 அதிகாலை 2:20. இரு தேதிகளும் சரி, எழுதும் வினைச்சொல் மட்டும் தேதியோடு பொருந்த வேண்டும். பாரதியார் 1921 செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டி, 12-ஆம் நாள் அதிகாலையில் மறைந்தார். சூரிய உதயத்தில் நாள் தொடங்குவதாகக் கொள்ளும் மரபில் வளர்ந்தவர்களுக்கு அது 11-ஆம் நாளின் இரவே. ஆகவே இரு தேதிகளில் ஒன்றைச் சொன்னவரைக் கண்டிப்பதைவிட, நாள் எங்கே தொடங்குகிறது என்பதை விளக்குவது பயனுள்ளது. யூத, இஸ்லாமிய நாட்காட்டிகளில் நாள் சூரிய மறைவில் தொடங்குகிறது. வானியலாளர்கள் 1925-க்கு முன் வரை நண்பகலில் நாளைத் தொடங்கினார்கள். பழைய விண்ணோக்குக் குறிப்புகளைப் பயன்படுத்துபவர் இதை மறக்கக் கூடாது.

எந்தக் கணத்தை நிகழ்வு என்பது

பெரிய நிகழ்வுகள் ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. அமெரிக்காவின் விடுதலைத் தீர்மானம் 1776 ஜூலை 2-இல் நிறைவேறியது. பிரகடனத்தின் வாசகம் ஜூலை 4-இல் ஏற்கப்பட்டது. உறுப்பினர்களுள் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. 'ஜூலை 4-இல் பிரகடனம் கையெழுத்தானது' என்று எழுதினால் தேதி சரி, வினை தவறு. இந்திய அரசியலமைப்பு 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்டு, 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. பெரியம்மை ஒழிந்த நாள் எது என்றால் மூன்று விடைகள் சொல்லலாம்: இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளிக்கு சோமாலியாவில் கொப்புளம் தோன்றிய 1977 அக்டோபர் 26, வல்லுநர் குழு ஒழிப்பைச் சான்றளித்த 1979 டிசம்பர் 9, உலக சுகாதார மாநாடு அறிவித்த 1980 மே 8. இதில் எதைத் தேர்ந்தாலும் தவறில்லை. 'ஒழிந்தது', 'சான்றளிக்கப்பட்டது', 'அறிவிக்கப்பட்டது' என்ற சொற்களுள் உரியதை இடுவதே முக்கியம்.

நம் பட்டியலிலும் இந்தச் சோதனை வேண்டும். 1955 ஏப்ரல் 12 தடுப்பூசி கண்டுபிடிக்கப்பட்ட நாள் என்று சில பட்டியல்களில் இருக்கும். உண்மையில் அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பிரான்சிஸ் அறிவித்தது, ஏறத்தாழ 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற கள ஆய்வின் முடிவை. அதற்கு முன்பே தடுப்பூசி உருவாகி, முந்தைய ஆண்டிலேயே சோதிக்கப்பட்டிருந்தது. சம்டர் கோட்டையும் அப்படியே. தாக்குதல் தொடங்கியது 12-ஆம் தேதி அதிகாலை 4:30. கோட்டை பணிந்தது 13-ஆம் தேதி.

மூலங்களும் கிழமையும்

பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை. ஐந்து இடங்களில் ஒரே தேதி இருந்தால் ஐந்து சான்றுகள் கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. ஐந்துக்கும் தாய் ஒன்றாக இருக்கலாம். அந்த நாளிலேயே எழுதப்பட்டவற்றை, அதாவது தந்தி, அரசிதழ், நீதிமன்றப் பதிவு, நாட்குறிப்பு முதலியவற்றை, அல்லது அவற்றை நேரில் பார்த்து எழுதிய ஆய்வு நூலைத் தேடிச் செல்ல வேண்டும். முதுமையில் எழுதிய தன்வரலாறு உணர்ச்சிக்குச் சிறந்த சாட்சி, தேதிக்கு அப்படிச் சொல்ல முடியாது. நாளிதழைப் பயன்படுத்தினால், தலைப்பில் உள்ள தேதி அச்சான நாளையே காட்டும். செய்திக்குள் 'நேற்று' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 4/12 என்ற குறிப்பு அமெரிக்க ஆவணத்தில் ஏப்ரல் 12, பிரிட்டிஷ் ஆவணத்தில் டிசம்பர் 4 என்பதையும் நினைவில் வையுங்கள். டிசம்பரில் நடந்தவை ஏப்ரலில் குடியேறியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கிழமை, பலரும் பயன்படுத்தாத அருமையான கருவி. 1582-இல் பத்துத் தேதிகள் விடுபட்டபோதும் வியாழனை அடுத்து வெள்ளிதான் வந்தது. எனவே நாட்காட்டி மாறினாலும் கிழமைச் சங்கிலி அறுபடவில்லை. பெட்ரோகிராடின் அக்டோபர் 25-உம் பாரிஸின் நவம்பர் 7-உம் ஒரே புதன்கிழமை. மூலத்தில் கிழமை இருந்தால், கணக்கிட்டுப் பார்த்துத் தேதியோடு பொருந்துகிறதா என்று சோதிக்கலாம். பொருந்தாவிட்டால் நாட்காட்டியோ நகலெடுத்த கையோ தவறியிருக்கிறது. ககாரின் பறந்தது புதன்கிழமை, கொலம்பியா புறப்பட்டது ஞாயிற்றுக்கிழமை, இரண்டும் பொருந்துகின்றன. உலகைச் சுற்றிய பயணங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மெகல்லனின் பயணத்தில் எஞ்சிய விக்டோரியா கப்பல் 1522 ஜூலையில் கேப் வெர்டியை அடைந்தபோது, கப்பலில் புதன், கரையில் வியாழன். ஒரு நாளும் தவறாமல் குறிப்பெழுதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய திகைப்பாக இருந்திருக்கும்! மேற்கு நோக்கிச் சுற்றியதால் அவர்கள் ஒரு சூரிய உதயத்தை இழந்திருந்தார்கள். இக்காலத்திலும் சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியதால் அங்கே 2011 டிசம்பர் 30 என்ற நாளே இல்லை.

தேர்வு

சரிபார்த்து எஞ்சியவற்றுள் எவற்றை வைத்துக்கொள்வது? இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். தேதிப் பட்டியல் இயல்பாகவே போர், அரசர், பிறப்பு, இறப்பு ஆகியவற்றின் பக்கம் சாயும், ஏனெனில் அவற்றுக்குத்தான் துல்லியமான நாள் இருக்கிறது. பஞ்சத்துக்கும் புலம்பெயர்வுக்கும் எழுத்தறிவு பரவியதற்கும் நாள் கிடையாது. இந்தச் சாய்வை ஓரளவு சரிசெய்ய, நீண்ட மாற்றம் ஒன்று சட்டமாகவோ அறிவிப்பாகவோ வெளிப்பட்ட நாளைத் தேடிச் சேர்க்கலாம். நியூசிலாந்தில் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை அளித்த சட்டத்துக்கு 1893 செப்டம்பர் 19-இல் ஒப்புதல் கிடைத்தது. பல்லாண்டுப் போராட்டத்துக்கு அந்த ஒரு நாள் வாசலாகிறது. நம் ஏழில் தடுப்பூசி அறிவிப்புக்கு நான் முதலிடம் கொடுப்பதும் இதே காரணத்தால்.

ஒரே தேதியில் இரண்டு நிகழ்வுகள் பொருந்தும்போது அது தற்செயலா, திட்டமா, காரணத் தொடர்பா என்று பிரித்தறியுங்கள். புளூட்டோ 1930 பிப்ரவரி 18-இல் கண்டறியப்பட்டும் மார்ச் 13 வரை அறிவிக்கப்படவில்லை. அது அந்தத் தேடலைத் தொடங்கிவைத்த பெர்சிவல் லோவலின் பிறந்தநாள், யுரேனஸ் கண்டறியப்பட்ட நாளும் அதுவே. இது திட்டம். கொலம்பியா ககாரின் பறந்த இருபதாம் ஆண்டு நிறைவில் புறப்பட்டது திட்டமன்று: ஏப்ரல் 10-இல் புறப்பட வேண்டியது, கணினிகளுக்கிடையே நேர ஒத்திசைவு பிழைத்ததால் இரண்டு நாள் தள்ளிப்போனது. ஜெர்மனியில் நவம்பர் 9 மூன்றாவது வகை நாள். 1918-இல் குடியரசு அறிவிக்கப்பட்டதும், 1923-இல் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டதும், 1938-இல் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டதும், 1989-இல் பெர்லின் சுவர் திறந்ததும் அந்த நாளில்தான். சுவர் திறந்த மகிழ்ச்சியை அந்த நாளில் தனித்துக் கொண்டாட முடியாத அளவுக்கு 1938-இன் துயரம் அதில் படிந்திருக்கிறது. நாட்டின் ஒருமைப்பாட்டு நாள் நவம்பர் 9 ஆக இல்லாமல் அக்டோபர் 3 ஆக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட நாளை எழுதுபவர் நிகழ்வுகளைத் தனித்தனி வரிகளாக உதிர்க்காமல் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 29 வந்தால் நான்கால் வகுபடுவதை மட்டும் பார்த்தால் போதாது. 1900 லீப் ஆண்டன்று. 1896-இல் அந்த நாளில் பிறந்த மொரார்ஜி தேசாய்க்குத் தேதிப்படி முதல் பிறந்தநாள் 1904-இல்தான் வந்தது.

எழுதுதல்

ஒவ்வொரு பதிவிலும் ஆண்டு, இடம், செய்தவர், செய்த செயல், அதனால் என்ன ஆயிற்று ஆகியவை இருந்தால் போதும். 'உலகையே புரட்டிப்போட்டது' போன்ற பொதுச் சொற்களைத் தவிர்த்து, அந்த நிகழ்வுக்கு மட்டுமே உரிய ஒரு விவரத்தைக் கொடுங்கள். ககாரின் தம் கலத்துக்குள் இருந்தபடி தரையிறங்கவில்லை. ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்தில் வெளியேறி, தனியே வான்குடையில் இறங்கினார். அந்த ஒரு விவரம், அப்பயணம் எவ்வளவு துணிச்சலானது என்பதைப் பத்துப் பெயரடைகளைவிட நன்றாகக் காட்டிவிடும். இந்த வழிமுறையின்படி ஏப்ரல் 12-க்கு நான் எழுதும் முதல் மூன்று பதிவுகள் இவ்வாறு அமையும்.

1955: சால்க்கின் போலியோ தடுப்பூசி பாதுகாப்பானது, பயன் தருவது என்ற கள ஆய்வு முடிவு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவிக்கப்பட்டது. போலியோவால் கால்கள் செயலிழந்த அதிபர் ரூஸ்வெல்ட் மறைந்து அன்று சரியாகப் பத்து ஆண்டுகள். ஆய்வுக்குப் பணம் திரட்டித் தந்தது அவர் 1938-இல் நிறுவிய அறக்கட்டளை.

1961: யூரி ககாரின் வஸ்தோக் 1 கலத்தில் மாஸ்கோ நேரம் காலை 9:07-க்குப் புறப்பட்டு, பூமியை ஒருமுறை சுற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் சராத்தோவ் பகுதியில் வான்குடையில் இறங்கினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2011-இல், ஐ.நா. பொதுச்சபை இந்த நாளை மனித விண்வெளிப் பயணத்தின் பன்னாட்டு நாளாக அறிவித்தது.

1204: நான்காம் சிலுவைப் போர்ப் படையினர் கான்ஸ்டாண்டினோப்பிளின் மதிலைக் கடந்து நகருக்குள் நுழைந்தனர், சூறையாடல் மறுநாள் தொடங்கியது. தேதி ஜூலியன் நாட்காட்டிப்படி.